தண்ணீர் பழுப்பானால் மீன் சாகுமா?

மீன் தொட்டியில் புதிதாக ஒரு டிரிஃப்ட்வுட் (அலங்கார மரக்கட்டை) வைத்தால், சில நாட்களில் தண்ணீர் டீ டிகாஷன் நிறத்துக்கு வந்துவிடும். பார்த்தவர் பதறுகிறார். கட்டையில் விஷம் என்று முடிவுகட்டி அதைத் தூக்கி எறிகிறார்.

அது விஷமில்லை, மரத்திலிருந்து இறங்கும் டானின். இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஃபைட்டர் மீன் வளர்ப்பவர்கள் நாட்டு வாதுமையின் காய்ந்த இலையைக் காசு கொடுத்து வாங்கித் தொட்டியில் போடுகிறார்கள். அந்த இலையிலிருந்து இறங்குவதும் டானின்தான். இலை தந்தால் மருந்து, கட்டை தந்தால் விஷமா? பிரேசிலின் ரியோ நீக்ரோ ஆறு முழுக்கவே இப்படிக் கறுத்த தண்ணீர். தொட்டிகளில் பலரும் வளர்க்கும் கார்டினல் டெட்ராவுக்கு அதுதான் பிறந்த வீடு. நிறம் பிடிக்காதவர்கள் அவ்வப்போது தண்ணீர் மாற்றலாம், ஃபில்டரில் ஆக்டிவேட்டட் கார்பன் வைக்கலாம்.

‘கட்டை போட்டால் பிஎச் விழுந்துவிடும்’ என்பது பாதி உண்மை. சென்னையின் பல பகுதிகளில் கிடைக்கும் போர் தண்ணீரைப் போலக் கார்பனேட் நிறைந்த கடின நீரில் பிஎச் பெரிதாக அசையாது. ஆர்.ஓ. தண்ணீரை மட்டும் ஊற்றுகிறவர்களும் மழைநீரை நம்புகிறவர்களும்தான் அளந்து பார்க்க வேண்டும்.

கட்டைமேல் வெள்ளையாகச் சளிபோலப் படர்வதைக் கண்டு ‘அழுகுகிறது’ என்பார்கள். மரத்திலிருந்து கசியும் சர்க்கரையைத் தின்று வளரும் பூஞ்சையும் பாக்டீரியாவும்தான் அது. பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே போய்விடும். நத்தையும் இறாலும் இருந்தால் மேய்ந்து தீர்த்துவிடும். பழைய டூத்பிரஷ்ஷால் தேய்த்தாலும் போதும். விரலால் அழுத்தினால் கட்டை கூழாகிறது, அழுகிய முட்டை நாற்றம் வருகிறது என்றால் மட்டும் எடுத்துவிட வேண்டும்.

அடுத்தது, எல்லாரும் சொல்லும் வைத்தியம்: ‘வேகவைத்தால் போதும்.’ ஒன்றிரண்டு மணி நேரம் கொதிக்கவைத்தால் டானின் சீக்கிரம் இறங்கும், மேற்பரப்பில் ஒட்டிய கிருமிகளும் பாசியும் சாகும், கட்டையும் விரைவில் மூழ்கும். அதற்குமேல் எதிர்பார்க்கக் கூடாது. பச்சை மரத்தின் பாலும் பிசினும் கொதியில் போகாது. நன்றாகக் காய்ந்த, பட்டை உரித்த கட்டைதான் வேண்டும். மோபானி போன்ற கனமான மரம் பெரும்பாலும் தானே அமிழும். ஸ்பைடர்வுட் வாரக்கணக்கில் மிதந்து பொறுமையைச் சோதிக்கும். அதைத் தட்டைக் கல்லோடு கட்டி இறக்குவதே சுலபம்.

உண்மையில் கவலைப்பட வேண்டியது கடற்கரையில் ஒதுங்கும் கட்டைக்குத்தான். இலவசமாகக் கிடைக்கிறது, பார்க்கவும் அழகு. ஆனால் உப்பு மரத்துக்குள் ஊறியிருக்கும். நல்ல தண்ணீரில் மூழ்கவைத்து, அடிக்கடி தண்ணீர் மாற்றி, வாரக்கணக்கில் ஊறவிட வேண்டும். புதுத் தண்ணீரில் ஒரு நாள் வைத்தபின் டிடிஎஸ் மீட்டர் ஏறினால் உப்பு இன்னும் இருக்கிறது. உப்பையாவது இப்படி எடுத்துவிடலாம். உடைந்த படகின் பலகையாக இருந்தால் தார், பெயிண்ட், செம்பு கலந்த பூச்சு ஒட்டியிருக்கலாம். செம்பு துளி அளவே இறாலையும் நத்தையையும் கொல்லும். எத்தனை முறை வேகவைத்தாலும் அது போகாது.

சோப்பும் டெட்டாலும் போட்டுக் கழுவுவது இன்னும் மோசம். மரத்தின் நுண்துளைகள் அவற்றைப் பிடித்துவைத்துத் தொட்டிக்குள் மெல்ல விடும். பிரஷ்ஷும் வெந்நீரும் போதும். ஆணித் துளையோ பெயிண்ட் தடமோ தெரியும் கட்டையைக் கரையிலேயே விட்டுவிடுங்கள்.