"நீங்களே பாத்துக் குடுங்க சார்" என்று சொல்லலாமா?

நேர்காணல் நல்லபடியாக முடிந்துவிட்டது. கடைசியாக அந்தக் கேள்வி வருகிறது: "சம்பளம் எவ்வளவு எதிர்பார்க்குறீங்க?" நம்மில் பலர் சட்டென்று சொல்வது, "நீங்களே பாத்துக் குடுங்க சார்." பணிவாகத்தான் சொல்கிறோம். ஆனால் அந்தப் பணிவுக்கு ஒரு விலை உண்டு.

சின்னதாக ஒரு கணக்குப் போடுவோம். ஒரே வேலைக்கு ஒருவர் ரூ.18,000 சம்பளத்திலும், இன்னொருவர் ரூ.20,000 சம்பளத்திலும் சேர்கிறார்கள். இருவருக்கும் ஆண்டுதோறும் 10 சதவீத உயர்வு. ஐந்து உயர்வுகளுக்குப் பிறகு முதல் நபருக்கு சுமார் ரூ.28,990, அடுத்தவருக்கு ரூ.32,210. அதாவது 2,000 ரூபாய் இடைவெளி 3,200 ரூபாயைத் தாண்டிவிடுகிறது. வேறு கம்பெனிக்குப் போனாலும், "இப்ப என்ன வாங்குறீங்க?" என்றுதான் முதலில் கேட்பார்கள்.

1. நிலவரம் தெரிந்துகொள்ளுங்கள்

போவதற்கு முன்பே உங்கள் வேலைக்கு உங்கள் ஊரில் என்ன கொடுக்கிறார்கள் என்று பாருங்கள். வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறையின் தனியார் துறை வேலை இணையதளத்தில் வரும் அறிவிப்புகளைப் படியுங்கள். அதே வேலையில் இருக்கும் சீனியர்களிடம் கேளுங்கள்.

தமிழ்நாட்டில் தொழில்வாரியாகக் குறைந்தபட்ச ஊதியம் நிர்ணயிக்கப்பட்டுள்ளது. அதனுடன் சேரும் அகவிலைப்படி ஆண்டுதோறும் ஏப்ரல் 1 முதல் மாறும். விவரம் தொழிலாளர் துறை இணையதளத்தில் கிடைக்கும். அந்தத் தொகைக்குக் கீழே பேரமே கிடையாது. நீங்களே சம்மதித்தாலும் செல்லாது. ஒரே வேலை செய்யும் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே ஊதியம் என்பது 1976 முதலே சட்டம்.

2. கைக்கு எவ்வளவு வரும்?

"வருஷத்துக்கு 3 லட்சம் சி.டி.சி." என்றால் மாதம் 25,000 கைக்கு வராது. அடிப்படைச் சம்பளம் ரூ.12,500 என்று வைத்துக்கொள்வோம்.

• நிறுவனம் செலுத்தும் பி.எஃப். 12%: ரூ.1,500
• கிராஜுவிட்டிக்காக ஒதுக்குவது: சுமார் ரூ.600
• உங்கள் பங்கு பி.எஃப். 12%: ரூ.1,500

இவை போக மிஞ்சுவது சுமார் ரூ.21,400. தொழில் வரி, காப்பீடு என்று பிடித்தால் இன்னும் குறையும். பி.எஃப். தொகை உங்கள் பெயரில்தான் சேர்கிறது. உமங் செயலியில் பாஸ்புக் பார்க்கலாம். இ.எஸ்.ஐ. பொருந்தும் நிறுவனத்தில் மாத ஊதியம் ரூ.21,000 வரை இருந்தால் 0.75% பிடிப்பார்கள், குடும்பத்துக்கும் சேர்த்து மருத்துவ வசதி உண்டு. ஆகவே, "கைக்கு மாசம் எவ்வளவு வரும், என்னென்ன பிடிப்பீங்க?" என்று தயங்காமல் கேளுங்கள்.

3. எப்படிக் கேட்பது?

முதலில் வீட்டிலேயே உங்கள் செலவைக் கணக்கிடுங்கள். திருவாரூரிலிருந்து சென்னைக்கு வருபவர் என்றால் ஹாஸ்டல் வாடகை, சாப்பாடு, பஸ், வீட்டுக்கு அனுப்பும் பணம் எல்லாம் சேர வேண்டும். இதற்குக் கீழே போக முடியாது என்ற தொகையை மனதில் வையுங்கள். அதை வெளியே சொல்ல வேண்டாம். கேட்கும் தொகை அதைவிடக் கூடுதலாக இருக்கட்டும்.

"வீட்ல கஷ்டம் சார்" என்பதைவிட உங்கள் வேலையைச் சொல்வது நல்லது. உதாரணமாக: "மேடம், டேலியும் ஜி.எஸ்.டி. ரிட்டர்னும் நானே தனியா பண்ணுவேன். இந்த வேலைக்கு இங்க 20 முதல் 23 ஆயிரம் வரைக்கும் குடுக்குறாங்க. நான் 22 எதிர்பார்க்குறேன்." சொல்லிவிட்டு அமைதியாக இருங்கள். "அவ்வளவு முடியாது" என்றால், "ஆறு மாசம் கழிச்சு வேலையைப் பாத்து உயர்த்துவீங்களா? அதை ஆஃபர் லெட்டர்ல போட முடியுமா?" என்று கேட்கலாம்.

4. எழுத்தில் வாங்குங்கள்

சம்பளம், வேலை நேரம், விடுப்பு, நோட்டீஸ் காலம், பாண்ட் இருக்கிறதா என்ற ஐந்தையும் ஆஃபர் லெட்டரில் படித்த பிறகே கையெழுத்துப் போடுங்கள். அசல் சான்றிதழை ஒப்படைக்காதீர்கள். நகல் போதும், டிஜிலாக்கரிலும் காட்டலாம். வேலைக்காக முன்பணம் கேட்டால் உஷாராகிவிடுங்கள்.

பேசிய சம்பளம் வரவில்லையா, குறைந்தபட்ச ஊதியத்தைவிடக் குறைவாகத் தருகிறார்களா? உங்கள் மாவட்டத் தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனு கொடுக்கலாம். முதலமைச்சரின் உதவி மையத்தை 1100 என்ற எண்ணிலும் அழைக்கலாம்.

கேட்டதெல்லாம் கிடைத்துவிடும் என்று சொல்ல முடியாது. ஆனால் கணக்குத் தெரிந்து, மரியாதையாகக் கேட்பவரை யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். அடுத்த நேர்காணலுக்குக் கிளம்பும் முன், உங்கள் தொகையை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள்.