கணிப்பொறியில் சொற்புணர்ச்சி

தமிழில் ஒரு சொல்லோடு மற்றொரு சொல் சேருங்கால் எழுத்துகள் வாளா இருப்பதில்லை. 'மரம்' என்னும் நிலைமொழியோடு 'கிளை' என்னும் வருமொழி புணர, மகரமெய் கெட்டுக் ககரமெய் தோன்றி 'மரக்கிளை' என்றாகிறது. 'பொன்', 'குடம்' இரண்டும் சேர, னகரம் றகரமாய்த் திரிந்து 'பொற்குடம்' ஆகிறது. 13-ஆம் நூற்றாண்டில் நன்னூல் இயற்றிய பவணந்தி முனிவர் இவற்றைத் தோன்றல், திரிதல், கெடுதல் என வகுத்துரைத்தார்.

கணிப்பொறிக்கு நிரல் எழுதப் புகும் மாணவனும் முதற்கண் கற்பது சொற்களைச் சேர்த்தலையே. மேற்கோள் குறிகளுக்கிடையே அடைத்த எழுத்துத் தொடரைச் சரம் என்பர். 1991-இல் கைடோ வான் ராசம் வெளியிட்ட பைத்தான் மொழியில், இரு சரங்களுக்கிடையே கூட்டல் குறி இட்டால் அவை இணையும். ஆயின், "மரம்" + "கிளை" என்று எழுதினால் 'மரம்கிளை' என்றே விடை வரும். "அவன்" + "உடைய" என்பதோ 'அவன்உடைய' என்று நிற்கும். மெய்யின்மேல் உயிர் ஏறாது. பொறி, பூக்களை வைத்த வரிசையிலேயே தொடுக்கும் நாரைப் போன்றது, இலக்கணம் அறியாது. சொற்களுக்கிடையே இடைவெளி வேண்டுமாயின் அதனையும் நாமே ஒரு சரமாகக் கொடுத்தல் வேண்டும்.

இதனினும் பெரிய இடர் எண்களால் நேர்வது. ஒருவன் இரு பாடங்களில் பெற்ற மதிப்பெண்களைக் கூட்ட நிரல் எழுதுகிறோம் என்று கொள்வோம். 45, 40 எனத் தட்டச்சு செய்கிறோம். விடையாக 4540 வருகிறது! விசைப்பலகை வழியே பெறும் எதனையும் பைத்தான் சரமாகவே கொள்ளும். ஆதலின் கூட்டாமல் ஒட்டிவிட்டது. 'இன்ட்' என்னும் கட்டளையால் இரண்டையும் எண்ணாக்கிய பின்னரே 85 கிடைக்கும்.

ஒன்று சரமாகவும் மற்றொன்று எண்ணாகவும் இருப்பின் என்னாகும்? பைத்தான் பிழையெனக் கூறி நின்றுவிடும். ஜாவாஸ்கிரிப்ட் மொழியோ யாதும் கூறாமல் எண்ணையும் சரமாக்கி 4540 எனத் தந்துவிடும். தொடக்க மாணவனுக்கு முன்னதே நல்லது என்பேன். தேர்ச்சிப் பட்டியல் அச்சேறிய பின் பிழையைக் காண்பதால் யாருக்கு என்ன பயன்?

விடையைச் சொல்லோடு சேர்த்துக் காட்ட விரும்பினால், 85 என்னும் எண்ணை 'ஸ்ட்ர்' என்னும் கட்டளையால் மீண்டும் சரமாக்கி, "மொத்தம் " என்பதோடு இணைக்க வேண்டும். மேற்கோள் குறியை மூடுமுன் அங்கே ஓர் இடைவெளி விட்டிருப்பதைக் காண்க.