சாக்கெட்டில் மின்சாரம் இல்லையா?
கெட்டில் சூடாகவில்லை என்றால், அதே சாக்கெட்டில் கைப்பேசி சார்ஜரைச் செருகிப் பாருங்கள். சார்ஜர் வேலை செய்தால் சாக்கெட்டில் குறையில்லை. கெட்டிலின் மூன்று முனை பிளக்கினுள் இருக்கும் 13 ஆம்பியர் ஃபியூஸ் எரிந்திருக்கலாம். புதியது போடுங்கள், வெள்ளித்தாள் சுற்றிச் செருகினால் கம்பி சூடேறித் தீப்பிடிக்கும்.

சார்ஜரும் வேலை செய்யவில்லையா? மெயின் சுவிட்ச் பெட்டியைத் திறந்து பாருங்கள். சிறிய பிரேக்கர் விழுந்திருந்தால் அதிகச் சுமை அல்லது ஷார்ட் சர்க்கியூட். வீடே இருண்டு, 'டெஸ்ட்' பொத்தான் உள்ள ஆர்சிசிபி விழுந்திருந்தால் மின்சாரம் எங்கோ கசிகிறது. போகும் மின்னோட்டமும் திரும்பும் மின்னோட்டமும் சமமாக இல்லாவிட்டால் அது துண்டித்துவிடும். பல வீடுகளில் இதன் அளவு வெறும் 30 மில்லிஆம்பியர்; அதைவிட அதிகம் உடலில் பாய்ந்தால் இதயத்துக்கே ஆபத்து.

எல்லா பிளக்குகளையும் கழற்றி, வாட்டர் ஹீட்டரையும் அடைத்துவிட்டு, ஆர்சிசிபியை ஏற்றுங்கள். பிறகு ஒவ்வொன்றாகச் செருகுங்கள். எதைச் செருகும்போது விழுகிறதோ அதில்தான் கசிவு. பெரும்பாலும் தண்ணீரைச் சூடாக்கும் சாதனமாக இருக்கும். எதையும் செருகாமலே விழுந்தால் மீண்டும் மீண்டும் ஏற்றிப் பார்க்காமல், உரிமம் பெற்ற மின்பணியாளரை அழையுங்கள்.