ஒட்டுத்துணிப் போர்வை: குடும்ப அலுவல்களுக்கிடையே பயிலும் முறை

வீட்டில் பயனின்றிக் கிடக்கும் பருத்தித் துணித் துண்டுகளைச் சதுரங்களாக வெட்டி ஒன்றோடொன்று இணைத்து, அதன் கீழே ஓர் உள்துணியும் அதற்கும் கீழே ஒரு பழம்புடவையும் விரித்து, மூன்று அடுக்கையும் சேர்த்துத் தைத்தால் கிடைப்பது ஒட்டுத்துணிப் போர்வை. நகரத்துக் கடைகளில் இதனைக் குயில்ட் என்று கூறுகின்றனர். இதனைத் தைக்கத் தையல் இயந்திரம் வேண்டியதில்லை. ஓர் ஊசி, நூல், நல்ல கத்தரிக்கோல், அளவுகோல், ஒரு துண்டு அட்டை ஆகியவையே போதும். ஆனால் பொழுது வேண்டும். அந்தப் பொழுதை எங்கிருந்து பெறுவது என்பதே இப்பாடத்தின் முதற் கேள்வி.

பஞ்சாயத்து அங்கத்தினர்கள் இதனைக் கவனிக்க வேண்டியதற்கு ஒரு தனிக் காரணம் உண்டு. மாதர்க்கென ஒரு தையல் வகுப்பு தொடங்கப்படுகிறது. முதல் வாரம் இருபது பேர் வருகின்றனர். மூன்றாம் வாரம் ஐந்து பேர் வருகின்றனர். “பெண்களுக்கு ஆர்வம் இல்லை” என்று எழுதிக் கோப்பை மூடிவிடுகிறோம். வகுப்பு நடக்கும் வேளையில்தான் குழாயில் தண்ணீர் வருகிறது என்பதையோ, பள்ளி விட்டுப் பிள்ளைகள் வீடு திரும்புகின்றனர் என்பதையோ யாரும் எழுதுவதில்லை. 1952 அக்டோபர் 2ஆம் நாள் சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கப்பட்ட பின்னர் மாதர் சங்கங்களின் வாயிலாகச் சிற்றூர்களில் தையல் கற்பிக்கப்பட்டது. 1989இல் தருமபுரியில் தொடங்கிய மகளிர் சுய உதவிக் குழுக்கள் இன்று மாநிலம் எங்கும் பரவியுள்ளன. அமைப்புக்குக் குறைவில்லை. கற்பவளின் நாளை அறிந்து பாடத்தை வகுப்பதிலேதான் குறை இருக்கிறது.

இத்தொழில் நமக்குப் புதியதன்று. பிறந்த குழந்தையைக் கிடத்தப் பாட்டியின் நூற்புடவையை நாலாக மடித்து ஓரம் தைத்து விரிப்பது நம் இல்லங்களின் வழக்கம். தஞ்சை மாவட்டத்தில் தேர்களை அலங்கரிக்கும் தொம்பைகளில் வண்ணத் துணிகளை வெட்டி ஒட்டித் தைக்கும் வேலைப்பாட்டைக் காணலாம். வங்காளத்துப் பெண்கள் பழஞ்சேலைகளை அடுக்கி, சேலைக்கரையிலிருந்து உருவிய நூலைக்கொண்டே தைத்த போர்வைக்குக் ‘காந்தா’ என்று பெயர். நம் ‘கந்தை’ என்னும் சொல்லை இது நினைவூட்டவில்லையா? பீகாரில் இதே இனத்தைச் சேர்ந்த வேலை ‘சுஜனி’ எனப்படும். அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்துள்ளது. வட கன்னட மாவட்டத்தின் எல்லாப்பூர், ஹளியால் பகுதிகளில் வாழும் ஆப்பிரிக்க வழியினரான சித்தி மக்களின் ‘கவந்தி’ இன்னொரு வகை. அவர்கள் சதுரம் வெட்டிச் சேர்ப்பதில்லை. பழஞ்சேலையை விரித்து, ஒரு விளிம்பில் தொடங்கித் துண்டுகளை வைத்துத் தைத்துக்கொண்டே சுற்றிச் சுற்றி உள்நோக்கி வந்து நடுவில் முடிக்கின்றனர். நான்கு மூலைகளிலும் மடித்த துணியால் ஒரு பூ வைத்தால்தான் போர்வை நிறைவுபெறும் என்பது அவர்கள் கொள்கை.

இனி ஈக்காட்டுத்தாங்கலை எடுத்துக்கொள்வோம். தாங்கல் என்றால் சிற்றேரி. ஊர்ப் பெயரிலேயே நீர்நிலை இருக்கிறது. அடையாற்றங்கரையில் அமைந்த இவ்வூரை அடுத்துள்ள கிண்டியில் 1958இல் தொழிற்பேட்டை ஏற்பட்டது. பட்டறைகளும் வாடகைக் குடியிருப்புகளும் பெருகின. 2015 ஜூன் 29ஆம் நாள் மெட்ரோ ரயில் வந்தது. அதே ஆண்டு டிசம்பரில் அடையாற்று வெள்ளமும் வீடுகளுக்குள் வந்தது. இத்தகைய இடத்தில் வாழும் ஒரு தாயின் நாளை எண்ணிப் பார்ப்போம். ஐந்து மணிக்கு எழுந்து தண்ணீர் பிடித்து, சமைத்து, பிள்ளைகளைப் பள்ளிக்கும் கணவரைப் பட்டறைக்கும் அனுப்பி, தானும் ஒரு வேலைக்குச் சென்று, மாலையில் மீண்டும் அடுப்படி. ‘ஓய்வுநேரத் தொழில்’ என்று நாம் அச்சிடும் சொல் அவளுக்கு நகைப்பையே தரும். நாற்றுநடவுக் காலத்து உழவர் குடும்பத்துப் பெண்ணுக்கும் நிலைமை இதுவே.

ஆயினும் அவள் நாளில் துண்டுப் பொழுதுகள் உண்டு. நியாயவிலைக் கடை வரிசையில் இருபது நிமிடம், பள்ளி வாயிலில் பத்து நிமிடம், குக்கர் விசில் வரும்வரை கால் மணி. ஒரு ரவிக்கையை இவ்வாறு தைக்க முடியாது. நடுவில் விட்டால் அளவு குழம்பும். ஒட்டுத்துணிப் போர்வையோ துண்டு துண்டாகவே உருவாவது. துண்டுப் பொழுதுக்கு ஏற்றது. இரண்டு சதுரங்களை இணைத்த மாத்திரத்தில் ஒரு வேலை முடிந்துவிடுகிறது. ஊசியைக் குத்தி வைத்துவிட்டு எழுந்து போகலாம். பத்து நாள் கழித்து எடுத்தாலும் விட்ட இடம் கண்ணுக்குத் தெரியும்.

துணியைத் தேர்ந்தெடுப்பதில் கண்டிப்பு வேண்டும். தொடக்கத்தில் கைவிடுவோர் பலர் கைவிடுவது துணியின் குற்றத்தாலேயே. தெருமுனைத் தையற்கடையில் விழும் டூ பை டூ ரவிக்கைத் துணியின் வெட்டுத் துண்டுகள் மிக நல்லவை. மெல்லியவை, இழை சீரானவை, ஐம்பது நிறங்களில் கிடைப்பவை. பழைய லுங்கியும் நூற்புடவையும் நன்று. நைந்த பகுதியை மட்டும் ஒதுக்க வேண்டும். வெளிச்சத்தில் பிடித்தால் இழை விட்டிருப்பது தெரியும். திருப்பூர்ப் பனியன் துணி இழுத்தால் நீளும், கற்றுக்கொள்பவர்க்கு ஆகாது. பாலியெஸ்டர் சேலை வழுக்கும், மடிப்பும் நிற்காது. எல்லாவற்றையும் வெந்நீரில் துவைத்துக் கஞ்சி நீக்கிக் காயவைத்த பிறகே வெட்ட வேண்டும். கருஞ்சிவப்பு, கருநீலத் துணிகளை ஒரு வெள்ளைத் துண்டோடு சேர்த்து நனைத்துப் பார்க்கலாம். வெள்ளையில் சாயம் ஏறினால் அத்துணி வேண்டாம்.

முதல் வேலையாக 36 அங்குல அகலமும் 45 அங்குல நீளமும் கொண்ட குழந்தைப் போர்வை ஒன்றை மேற்கொள்ளலாம். பெரிய கட்டிற் போர்வையில் தொடங்குவோர் அதை முடிப்பது அரிது. கெட்டி அட்டையில் மூன்றரை அங்குலச் சதுரம் ஒன்றை மிகச் சரியாக வெட்டிக்கொள்ளுங்கள், இதுவே அச்சு. துணியின் பாவு, ஊடை இழைகளுக்கு நேராக அச்சை வைத்துப் பென்சிலால் வரைந்து வெட்ட வேண்டும். மூலைவாட்டில் வெட்டினால் சதுரம் இழுபட்டுக் கோணும். 36 அங்குலப் பன்னாவில் ஒரு கஜம் துணியில் 100 சதுரம் தேறும். நமக்கு வேண்டியவை 180. ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் வீட்டார் அனைவரும் உட்கார்ந்தால் வெட்டி முடித்துவிடலாம். ஆண்பிள்ளைகள் கத்தரிக்கோல் பிடிக்கலாகாது என்று எந்த நூலிலும் எழுதப்படவில்லை.

சதுரங்களை நிறம் மாற்றி ஒன்பது ஒன்பதாக அடுக்கி, ஒவ்வொரு அடுக்கையும் ஒரு நூலால் கோத்து வைக்கவும். ஓர் அடுக்கு ஒரு கட்டம். மொத்தம் 20 அடுக்கு. ஓர் அடுக்கும் ஊசி நூலும் ஒரு சிறு பைக்குள் அடங்கும். அந்தப் பை எங்கும் உடன் வரலாம்.

இரண்டு சதுரங்களை நல்ல பக்கம் உட்புறமாக ஒன்றன்மேல் ஒன்று வைத்து, விளிம்பிலிருந்து கால் அங்குலம் தள்ளி ஒரு கோடு வரைந்து, அக்கோட்டின்மேல் ஊசியை ஏற்றி இறக்கி ஓட்டத் தையல் இடவேண்டும். தொடக்கத்தில் அங்குலத்துக்கு ஆறு தையல் விழுந்தாற் போதும். இரண்டு விரற்கடைக்கு ஒருமுறை பின்னோக்கி ஒரு தையல் போட்டால் பிரியாது. மூன்று சதுரம் சேர்ந்தால் ஒரு வரிசை; மூன்று வரிசை சேர்ந்தால் ஒரு கட்டம். தைத்து முடிந்த கட்டம் ஒன்பது அங்குலச் சதுரமாக நிற்கும். ஒரு கட்டத்துக்குத் தைக்கவேண்டிய நீளம் சரியாக ஒரு கஜம். இருபது கட்டத்துக்கு 20 கஜம்; கட்டங்களை ஒன்றோடொன்று இணைக்க மேலும் ஏறத்தாழ 8 கஜம். நாளொன்றுக்கு அரைக் கட்டம் எனக் கொண்டாலும் நாற்பது நாளில் கட்டங்கள் முடியும். நடவோ அறுவடையோ குறுக்கிட்டால் எண்பது நாள் ஆகும். அதனால் கெடுவது ஒன்றுமில்லை.

கால் அங்குலம் என்றது கால் அங்குலமாகவே இருக்க வேண்டும். ஒரு வரிசைக்குப் பன்னிரண்டு சதுரம், பதினொரு தையல். ஒவ்வொன்றிலும் அரைக்கால் அங்குலம் கூடுதலாகப் பிடித்துவிட்டால் முடிவில் அந்த வரிசை ஏறத்தாழ இரண்டே முக்கால் அங்குலம் குட்டையாகும். பக்கத்து வரிசையோடு பொருந்தாது. வரப்பு நேராக இல்லாத வயலில் பாத்தி கட்டுவது போன்றதே இது. எனவே ஒவ்வொரு கட்டத்தையும் முடித்தவுடன் அளவுகோல் வைத்துப் பார்த்து, பிழையிருந்தால் அந்தக் கட்டத்தோடே பிரித்துத் திருத்திவிட வேண்டும். தையல்களைச் சூடான இஸ்திரிப் பெட்டியால் வரிசைக்கு வரிசை எதிர்ப்பக்கமாகப் படிய வைத்தால் மூலைகள் கூடுமிடம் தடிக்காது.

மேற்றுணி ஆயத்தமானதும் அடுக்கும் வேலை. மேலை நாடுகளில் நடுவில் தடித்த பஞ்சுத் தகடு வைக்கின்றனர். சென்னை வெயிலுக்கு அது வேண்டாம். நன்கு துவைத்த பழைய வேட்டி ஒன்றோ இரண்டோ போதும். அடித்துணியை நாற்புறமும் இரண்டு அங்குலம் மிகையாக, 40க்கு 49 அங்குலமாகப் பழம்புடவையில் வெட்டினால் ஒட்டுப்போடத் தேவையில்லை. தரையைத் துடைத்து, அடித்துணியை நல்ல பக்கம் கீழாக இழுத்து விரித்து, வேட்டியையும் மேற்றுணியையும் சுருக்கமின்றி அடுக்கி, நடுவிலிருந்து வெளிப்புறமாக நீண்ட தையல்களால் தற்காலிகமாகக் கோத்துவிட வேண்டும். இது ஒன்றே தடையின்றி இரண்டு மணி நேரம் கேட்கும் வேலை. அண்டை வீட்டார் இருவர் உதவினால் அரைப்பொழுதில் முடியும். பின்னர் ஒவ்வொரு சதுரத்தின் ஓரமாகவும் மூன்று அடுக்கும் பிடிபடும்படி ஓட்டத் தையல் செலுத்த வேண்டும். அதற்கும் பொழுதில்லாதவர், நாலு அங்குலத்துக்கு ஒருமுறை கெட்டி நூலால் மூன்று அடுக்கையும் சேர்த்து இரட்டை முடிச்சு இடலாம், போர்வை உழைக்கும். இறுதியில் மிகைத் துணியைச் சமமாக வெட்டி, இரண்டரை அங்குலப் பட்டி ஒன்றைச் சுற்றிலும் மடித்துத் தைத்தால் ஓரம் பாதுகாப்புறும். சுற்றளவு நாலரைக் கஜம். பட்டி ஐந்து கஜம் எடுத்துக்கொள்ளவும்.

இதனை விற்றுப் பணம் ஆக்கலாமா என்று கேட்பார்கள். ஆக்கலாம்; ஆனால் முதலில் கணக்கு எழுத வேண்டும். ஒரு குறிப்பேட்டில் நாள்தோறும் எத்தனை நிமிடம் தைத்தோம் என்று குறித்து வந்து, முடிவில் கூட்டி, உள்ளூர் வயற்கூலியோடு பெருக்கிப் பாருங்கள். கையால் தைத்த போர்வையின் உண்மை விலை அப்போது தெரியும். அதற்குக் குறைவாக விற்றால் துணி மட்டுமன்று, உழைப்பும் இனாமாகிறது.

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், வில்காக்ஸ் வட்டாரத்துக் கருப்பின உழவர் குடும்பத்துப் பெண்கள் 1966இல் ஒரு போர்வைத் தையல் கூட்டுறவை நிறுவினர். பருத்திக்காட்டு வேலைக்குப் பின் இரவில் கிழிந்த வேலையாடைகளைக்கொண்டு தைத்துப் பழகியவர்கள் அவர்கள். பெரிய கடைகளிடமிருந்து ஆணைகள் வந்தன. 1972இல் சியர்ஸ் நிறுவனம் தலையணை உறைகளுக்கு ஒப்பந்தம் அளித்தது. நிலையான கூலி கிடைத்தது. ஆனால் ஒரே வகை உறையைத் திரும்பத் திரும்பத் தைக்கும் வேலையில் அவரவர் கற்பனைக்கு இடம் குறைந்தது. 2012 வரை அக்கூட்டுறவு நீடித்தது. நாம் கவனிக்க வேண்டிய செய்தி வேறொன்று: அப்பெண்கள் தையற் கூடத்தோடு குழந்தைகள் காப்பகம் ஒன்றையும் நடத்தினர்.

பேரிடர்க் காலத்திலும் இத்தொழில் உதவும். 2004 ஆழிப்பேரலைக்குப் பின் நம் கடற்கரையில், உடுத்த இயலாத நன்கொடைத் துணிகள் தெருவோரம் குவிந்து கிடந்தன. அத்தகைய துணிகளைத் தரம் பிரித்துப் பயனாக்கும் வேலையில் ஈடுபட்ட கூஞ்ச் நிறுவனம், பீகாரில் 2008இல் கோசி ஆற்று வெள்ளத்துக்குப் பின் பழந்துணியில் சுஜனி விரிப்புகள் தைக்கும் பணியை அங்குள்ள பெண்களிடம் வளர்த்தது. வெள்ளம் வரும் ஊர்ப் பஞ்சாயத்துகள் மழைக்கு முன்பே நாற்பது ஐம்பது விரிப்புகளை இவ்வாறு தைத்து இருப்பு வைக்கலாம். அவற்றுக்குக் கூலியும் தரலாம்.

அங்கத்தினர்கள் செய்யக்கூடியது சிறிதே. சமுதாயக் கூடத்தில் ஓர் அறை, நல்ல விளக்கு, இரண்டு பெரிய மேசைகள், ஓர் இஸ்திரிப் பெட்டி, குழந்தைகள் உறங்க ஒரு மூலையில் பாய், பூட்டி வைக்க ஓர் அலமாரி. நேரத்தை அலுவலகம் குறிக்காமல் பெண்களே குறிக்கட்டும். பெரும்பாலும் பிற்பகல் இரண்டு முதல் நாலு வரை என்பார்கள். நாள்தோறும் வரவேண்டும் என்னும் விதி வேண்டாம். வாரம் ஒருமுறை கட்டங்களைக் கொண்டுவந்து அளந்து பார்த்து, ஒருவர் மற்றவரிடம் கேட்டுத் திருத்திக்கொண்டு போகட்டும். எத்தனை பேர் வந்தனர் என்பதைவிட எத்தனை கட்டங்கள் முடிந்தன என்று பதிவேட்டில் எழுதுவது மேல். மூன்று மாதத்துக்கு முன் யாரும் முடிவுகளைக் கேட்கலாகாது.

முதற் போர்வையைச் சந்தைக்கு அனுப்ப வேண்டாம். அதை வீட்டுப் பிள்ளைக்கே போர்த்தி, ஓராண்டு துவைத்துப் பார்க்க வேண்டும். எந்தச் சாயம் இறங்குகிறது, எந்த மூலை பிரிகிறது, எந்தத் துணி முதலில் நைகிறது என்பதைக் குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொண்டால், இரண்டாம் போர்வைக்குத் துணி எடுக்கும்போதும் விலை கூறும்போதும் அது உதவும்.