முட்டைப் பெட்டிக்கு வெப்பக் கம்பி: கடைக்குப் போகுமுன் போட வேண்டிய கணக்கு

ஓசூர், தளி, தாளவாடி போன்ற மேட்டுநிலப் பகுதிகளில் முசுக்கட்டை பயிரிட்டுப் பட்டுப்புழு வளர்க்கும் அங்கத்தினர்களுக்கு மார்கழியும் தையும் சோதனையான மாதங்கள். பட்டுப்புழு முட்டை ஒருசீராகப் பொரிய வேண்டுமானால் ஏறத்தாழ 25 டிகிரி சென்டிகிரேட் உஷ்ணமும், நூற்றுக்கு 75 முதல் 80 வரை காற்றில் ஈரமும் பத்து நாட்களுக்கு இடைவிடாமல் இருத்தல் வேண்டும். அப்பகுதிகளிலோ இரவில் உஷ்ணம் 15 டிகிரிக்கு அருகே இறங்கிவிடுகிறது. இளம்புழு வளர்ப்பு மையங்களிலிருந்து பொரிந்த புழுவையே வாங்குவோர் இன்று பெரும்பாலோர். அவர்களுக்கு இக்கட்டுரையால் பயன் குறைவு. முட்டைத் தொகுதிகளை வாங்கித் தாமே பொரிக்க வைப்போருக்காகவும், பொதுவில் ஒரு பெட்டி வைத்து நடத்த விரும்பும் சங்கங்களுக்காகவும் இதனை எழுதுகின்றேன்.

பட்டு நெசவு செய்யும் அங்கத்தினர்கள் இது தமக்குரிய விஷயமன்று என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். முட்டை முன்பின்னாகப் பொரிந்தால் புழு முன்பின்னாக வளரும். கூடுகள் ஒருசீராக இரா. அக்கூடுகளிலிருந்து இழுக்கும் நூலில் அந்தக் குறை தெரியும். தறியில் இழை அறும்போது நாம் நூற்பவரைக் கோபிக்கின்றோம். சில சமயம் குற்றம் மார்கழிக் குளிரில் தொடங்கியிருக்கும்.

குளிரை வெல்ல மூடிய அறையில் கரியடுப்பு வைப்பது பழைய வழக்கம். அதிலிருந்து எழும் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுக் காற்றுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அறையில் உறங்குபவர் எழாமற் போவதுண்டு. குண்டு பல்பு எரிய வைப்பது மற்றொரு வழக்கம். பல்பின் அருகே உள்ள முட்டை வெந்துபோகும், மூலையிலுள்ளது குளிர்ந்து கிடக்கும். ஆகவே 12 வோல்ட் பாட்டரியில் வேலை செய்யும் வெப்பக் கம்பி நல்ல வழியென்று பலர் எண்ணத் தொடங்கியுள்ளனர். எண்ணம் சரியே. கம்பி வாங்குவதில்தான் தவறு நேருகிறது.

சென்ற ஆண்டு மார்கழியில் ஒரு சங்கத்தின் கணக்குகளைத் தணிக்கை செய்யச் சென்றிருந்தேன். வயது முதிர்ந்த அங்கத்தினர் ஒருவர், கணக்கு முடியும் வரை திண்ணையில் காத்திருந்து, என்னைத் தம் வீட்டிற்கு அழைத்துச் சென்று ஒரு தெர்மாகோல் பெட்டியைக் காட்டினார். அதன் அடிப்பாகம் உருகிப் பள்ளமாகியிருந்தது. முட்டை அட்டைகள் கருகிக் கிடந்தன. நடந்தது யாதெனில், 1000 வாட் மின்சார அடுப்பிற்குரிய காயில் ஒன்றை வாங்கி டிராக்டர் பாட்டரியில் இணைத்திருக்கிறார். சூடே ஏறவில்லை. கடைக்காரரைக் கேட்டதற்கு, “நீளத்தை வெட்டிக் குறையுங்கள்” என்றாராம். ஒரு சாண் அளவு சுருளை மட்டும் விட்டு மற்றதை வெட்டியெறிந்தார். அப்போது நன்றாகச் சூடேறிற்று. சுருள் சிவந்தும் போயிற்று. இரவு இரண்டு மணிக்குப் புகை வாசனை வந்து விழித்திருக்கிறார். “வோல்ட் கம்மிதானே சார், ஷாக் அடிக்காது, ஆபத்து இல்லைன்னு நினைச்சேன்” என்றார். முட்டைகள் அனைத்தும் நஷ்டம். வீடு பிழைத்தது.

அவர் கேட்ட கேள்விக்கு அன்று நான் சொன்ன விடையையே இங்கு விரித்து எழுதுகின்றேன்.

அடுப்புக் காயில் 230 வோல்ட்டுக்குச் செய்யப்பட்டது. 230ஐ 230ஆல் பெருக்கி 1000 வாட்டால் வகுத்தால் அதன் தடை ஏறத்தாழ 53 ஓம் என்பது தெரியவரும். அதே காயிலுக்கு 12 வோல்ட் கொடுத்தால், 12ஐ 12ஆல் பெருக்கி 53ஆல் வகுக்க வேண்டும். கிடைப்பது 2.7 வாட். கைக்கடிகாரத்தைச் சூடாக்கவும் போதாது! ஆதலால் முதல் நாள் சூடேறாததில் வியப்பில்லை. வெட்டிக் குறைத்தபோது தடை குறைந்து வாட் பெருகிற்று; ஆனால் அத்தனை வெப்பமும் ஒரு சாண் கம்பியின் வழியாக வெளியேற வேண்டியதாயிற்று. மொத்த வெப்பம் எவ்வளவு என்பது ஒன்று. கம்பி எவ்வளவு சுடுகிறது என்பது வேறொன்று. முன்னதை ஓம் தீர்மானிக்கிறது. பின்னதைக் கம்பியின் நீளம் தீர்மானிக்கிறது.

ஆகவே முதலில் பெட்டிக்கு எத்தனை வாட் வேண்டும் என்று பார்ப்போம். ஒரு மீட்டர் நீளம், முக்கால் மீட்டர் அகலம், அரை மீட்டர் உயரமுள்ள பெட்டியின் ஆறு பக்கங்களும் சேர்ந்து 3.25 சதுர மீட்டர். 25 மில்லிமீட்டர் தடிப்புள்ள தெர்மாகோல் சதுர மீட்டருக்கு, ஒரு டிகிரி வேற்றுமைக்கு, ஏறத்தாழ 1.1 வாட் வெப்பத்தை வெளியே விடும். வெளியே 15, உள்ளே 25 என்றால் வேற்றுமை 10 டிகிரி. பெருக்கினால் 36 வாட் வரும். காற்றுத் துளைகளால் போகும் வெப்பம் இதற்கு மேற்பட்டது. கடுங்குளிரில் பெட்டியின் மேல் ஒரு சாக்கைப் போர்த்தினால் சரிக்கட்டலாம். 12 வோல்ட்டில் 36 வாட் என்றால் மின்னோட்டம் 3 ஆம்பியர், தடை 4 ஓம். இந்த 4 ஓம் என்னும் எண்ணை ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டுதான் கடைக்குப் போக வேண்டும்.

கடையில் கேட்க வேண்டிய பெயர் ‘நிக்ரோம்’ அல்லது ‘எலிமென்ட் கம்பி’. நூற்றுக்கு 80 பங்கு நிக்கலும் 20 பங்கு குரோமியமும் சேர்ந்த இவ்வுலோகக் கலவைக்கு அமெரிக்காவில் ஆல்பர்ட் மார்ஷ் என்பவர் 1906இல் காப்புரிமை பெற்றார். வீட்டு அடுப்பும் இஸ்திரிப் பெட்டியும் மின்சாரத்தால் இயங்குவது இக்கம்பியால் எளிதாயிற்று. மோட்டார் காயில் கட்டும் கடையில் இதனைக் கேட்டால் வார்னிஷ் பூசிய செப்புக் கம்பியைக் கொடுத்துவிடக்கூடும். அது நமக்கு உதவாது. இஸ்திரிப் பெட்டி, அடுப்பு உதிரிப் பொருள் விற்கும் கடைகளில் சில்லறையாகக் கிடைக்கும். சென்னை ரிச்சி தெருவிலும், ஓசூர்ப் பக்கத்து அன்பர்களுக்கு அண்மையிலுள்ள பெங்களூர் எஸ்.பி. ரோட்டிலும் தேடலாம். பழைய அடுப்பிலிருந்து கழற்றிய காயிலை நிமிர்த்தி உபயோகிப்பது சிக்கனமன்று. பலமுறை சிவக்கக் காய்ந்த கம்பி நொறுங்கும் தன்மை அடைந்திருக்கும். மடிக்கும் இடத்தில் முறியும்.

24 கேஜ் நிக்ரோம் கம்பி மீட்டருக்கு ஏறத்தாழ 4.4 ஓம். நமக்கு வேண்டிய 4 ஓமுக்கு 90 சென்டிமீட்டர் போதும் என்று தோன்றும். அங்கேதான் முதியவர் விழுந்த குழி இருக்கிறது. 36 வாட்டும் 90 சென்டிமீட்டரில் வெளிவந்தால் கம்பி தெர்மாகோலை உருக்கும், கைபட்டால் கொப்புளிக்கும். அதற்குப் பதிலாக, ஒவ்வொன்றும் 16 ஓமுள்ள நான்கு கம்பிகளை எடுத்து, நான்கின் தொடக்கங்களையும் ஒரு பித்தளைப் பட்டையிலும், நான்கின் முடிவுகளையும் மற்றொரு பட்டையிலும் இணைக்க வேண்டும். ஒவ்வொன்றும் 3.6 மீட்டர் நீளம், 9 வாட். நான்கும் சேர்ந்து அதே 4 ஓம், அதே 36 வாட். ஆனால் வெப்பம் 14.4 மீட்டரில் பரவுகிறது, மீட்டருக்கு 2.5 வாட்தான். கம்பியைக் கையால் பிடிக்கலாம், இதமாக இருக்கும்.

கட்டும் முறை நெசவாளர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மரச்சட்டத்தின் இரு புறமும் ஆணி அடித்து, பாவோடும்போது முளைகளில் இழையை மாற்றி மாற்றிக் கொண்டுபோவதைப் போல, 90 சென்டிமீட்டர் ஓட்டங்களாகக் கொண்டுபோக வேண்டியதுதான். ஒரு கம்பிக்கு நான்கு ஓட்டம். ஓட்டங்கள் ஒன்றையொன்று தொடலாகாது, தெர்மாகோலையும் தொடலாகாது. நிக்ரோமில் ஈயப்பற்று எளிதில் ஒட்டாது. பித்தளைத் திருகாணியால் இறுக்க வேண்டும். இறுக்கம் தளர்ந்தால் அவ்விடம் மட்டும் கொதிக்கும்.

கேஜ் எண்ணில் ஒரு சிக்கல் உண்டு. பிரிட்டிஷ் அளவில் 24 கேஜ் என்பது 0.56 மில்லிமீட்டர், அமெரிக்க அளவில் 0.51 மில்லிமீட்டர். பின்னது மீட்டருக்கு 5.3 ஓம் காட்டும். கடைக்காரர் சொல்லும் எண் எந்த அளவைச் சேர்ந்தது என்பது அவருக்கே தெரியாதிருக்கலாம். ஆகையால் பெயரையும் எண்ணையும் நம்பாமல் தடையை அளந்து வாங்குவதே முறை. மல்டிமீட்டரின் இரு முனைகளையும் முதலில் ஒன்றோடொன்று தொடவிட்டு, அப்போது காட்டும் சிறு எண்ணைக் குறித்துக்கொண்டு, பின் கம்பியை அளந்து அதைக் கழிக்க வேண்டும். காந்தத்தாலும் ஒரு சோதனை செய்வதுண்டு. நிக்ரோமைக் காந்தம் இழுக்காது. இழுத்தால் அது போலி என்று உடனே சண்டைக்குப் போக வேண்டாம். இரும்பு, குரோமியம், அலுமினியம் சேர்ந்த மற்றொரு நல்ல வெப்பக் கம்பியும் உண்டு, அதைக் காந்தம் இழுக்கும். அதன் தடை நிக்ரோமைவிட அதிகம். வெறும் இரும்புக் கம்பியாயின் தடை ஏழெட்டில் ஒரு பங்காகக் குறைந்து காட்டும். மீட்டர் உண்மையைச் சொல்லிவிடும்.

14.4 மீட்டர் நிக்ரோமின் எடை 30 கிராம்தான். தனியொருவர் 30 கிராம் கேட்டால் கடையில் மதிப்பார் இல்லை. ஒரு கிலோ சுருளில் 480 மீட்டருக்கு மேல் இருக்கும். 33 பெட்டிகளுக்குப் போதும். சங்கம் மொத்தமாக வாங்கிப் பிரித்துக் கொடுக்கத் தகுந்த சரக்கு இது. வாங்கும் சங்கங்கள் சரக்குப் பதிவேட்டில் ‘நிக்ரோம், 24 கேஜ், 1 கிலோ’ என்று மட்டும் எழுதினால் தணிக்கையில் நான் ஆட்சேபிப்பேன். மில்லிமீட்டரில் விட்டமும், அளந்து கண்ட மீட்டர் ஓமும் எழுதப்பட வேண்டும். மாதிரியை அளந்த பின்னரே பணம் கொடுக்க வேண்டும்.

இத்தனையும் சொன்னபின் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். இவ்வளவு குறைந்த சூட்டிற்கு நிக்ரோம் கட்டாயமில்லை. இங்கிலாந்தில் நாற்றங்கால் மண்ணைச் சூடாக்கத் துத்தநாகம் பூசிய சாதாரண இரும்புக் கம்பியை மண்ணில் பதித்து, டிரான்ஸ்ஃபார்மர் மூலம் குறைந்த வோல்ட் கொடுத்துத் தோட்டக்காரர்கள் பயன்படுத்தியதுண்டு. நம் ஊர் இரும்புக் கடைகளில் ஜி.ஐ. கம்பி என்று விற்கப்படுவது அதுவே. 20 கேஜ், அதாவது 0.9 மில்லிமீட்டர் கம்பி மீட்டருக்கு ஏறத்தாழ 0.21 ஓம். 19 மீட்டர் எடுத்தால் ஒரே கம்பியில் 4 ஓம் கிடைத்துவிடுகிறது! எடை 100 கிராம். 90 சென்டிமீட்டர் ஓட்டமாக 21 ஓட்டங்கள். இடைவெளி மூன்றரை சென்டிமீட்டர். பித்தளைப் பட்டையில் நான்கு கம்பிகளைப் பிரித்துச் சேர்க்கும் வேலை இல்லை. இதன் குறைகள் இரண்டு. இரும்பின் தடை தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும், சூட்டிலும் சற்று ஏறும். ஆகவே ஒரு மீட்டரை அளந்து கணக்கிடாமல் பத்து மீட்டரை ஒருசேர அளக்க வேண்டும். பெட்டிக்குள் ஈரம் மிகுதியாதலால் துத்தநாகம் தேய்ந்தபின் துருப்பிடிக்கும். பருவந்தோறும் பார்த்து மாற்ற வேண்டிவரும். என் அபிப்பிராயத்தில் ஒரு பெட்டி மட்டும் செய்பவர் ஜி.ஐ. கம்பியிலேயே தொடங்கலாம். கறுப்புக் கட்டுக்கம்பி வேண்டாம். ஒரு பருவத்திலேயே துரு தின்றுவிடும்.

மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்பதிலும் கவனம் வேண்டும். எல்.இ.டி. விளக்குப் பட்டைகளுக்காக விற்கும் 12 வோல்ட், 5 ஆம்பியர் மின்வழங்கி போதுமானது. அது ஈரத்திற்கு வெளியே இருக்க வேண்டும். பாட்டரியானால் 100 ஆம்பியர்-மணி உள்ளது கணக்குப்படி 33 மணி நேரம் தாங்கும். பாதிக்கு மேல் வடியவிடுவது பாட்டரிக்குக் கெடுதலாதலால் 16 மணி என்றே கொள்க. சார்ஜ் ஏறும்போது பாட்டரி 14.4 வோல்ட் வரை காட்டும். அப்போது 36 வாட் 52 வாட்டாகிவிடும். 30 டிகிரியைத் தாண்டினால் முட்டைக்குள் கரு பாதிக்கப்படும். எனவே முட்டை அட்டைகளின் மட்டத்தில் உணர்முனை வைத்த, 12 வோல்ட்டில் இயங்கும் தெர்மோஸ்டாட் ஒன்று இன்றியமையாதது.

பாட்டரியின் நேர்முனைக்கு மிக அருகில் 5 ஆம்பியர் ஃபியூஸ் போட வேண்டும். 12 வோல்ட் உடலைத் தாக்காது என்பது பெரும்பாலும் மெய். ஆனால் இரு முனைகளும் தவறித் தொட்டால் டிராக்டர் பாட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கக்கும். இணைப்புக் கம்பியின் உறை தீப்பற்றும். ஷாக்குக்கு அஞ்சாதவர் நெருப்புக்கு அஞ்ச வேண்டும்.

முட்டை வைக்குமுன் இரண்டு இரவுகள் பெட்டியை வெறுமையாக ஓட்டி, கம்பிச் சட்டத்தின் மேல் அகன்ற தட்டில் தண்ணீர் வைத்து, நான்கு மூலைகளிலும் நடுவிலும் உஷ்ணத்தைக் குறித்துப் பார்க்கவும். மூலைக்கும் நடுவுக்கும் ஒரு டிகிரிக்கு மேல் வேற்றுமை இருந்தால் ஓரத்து ஓட்டங்களை நெருக்கி, நடுவில் சற்று விலக்கிக் கட்டலாம். அம்முதியவர் இந்தத் தையில் ஜி.ஐ. கம்பியால் கட்டிய பெட்டியில் முதல் இரவு மூன்று டிகிரி வேற்றுமை இருந்தது. ஓட்டங்களை மாற்றிக் கட்டி, நான்காம் இரவுதான் முட்டையை உள்ளே வைத்தார்.