விந்து நீர்த்தால் குழந்தை பிறக்காதா?

கேள்வி: வயது 31. திருமணமாகி எட்டு மாதம். விந்து தண்ணீர் மாதிரி வருகிறது. பழைய கைப்பழக்கம்தான் காரணம், நாற்பது சொட்டு ரத்தம் சேர்ந்துதான் ஒரு சொட்டு விந்து ஆகிறது என்று நண்பர் பயமுறுத்துகிறார். உண்மையா?
- பெயர் வேண்டாம், ஈரோடு

பதில்: ரத்தக் கணக்கு சுத்தப் பொய். வெளிவரும் திரவத்தில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு விந்துப்பைகளில் சுரப்பது. மிச்சத்தில் பெரும்பகுதி புராஸ்டேட் சுரப்பியுடையது. விரையிலிருந்து வரும் உயிரணுக்களின் பங்கு மிகச் சொற்பம். அதனால்தான் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்டவருக்குக்கூட விந்தின் அளவு குறைந்த மாதிரியே தெரிவதில்லை. கெட்டியா, தண்ணீரா என்று பார்த்து எதையும் சொல்லிவிட முடியாது. கூழாக வருவது அரை மணி நேரத்துக்குள் தானாகவே நீர்த்துவிடுவதும் இயல்புதான்.

கைப்பழக்கத்தால் எதுவும் தீர்ந்துபோகாது. உயிரணு உற்பத்தி ஓயாமல் நடப்பது. 'சத்து போகிறது' என்ற பயத்தாலேயே சோர்ந்துபோகும் இளைஞர்களைக் கவனித்து, 1960-இல் மனநல மருத்துவர் என்.என். விக் அந்த நிலைக்கு 'தாது சிண்ட்ரோம்' என்று பெயரிட்டார். ராத்திரி டி.வி. வைத்தியர்களுக்கு அந்தப் பயம்தான் மூலதனம். மனைவிக்கு 35 வயதுக்குக் கீழ் என்றால், ஓராண்டு முயன்ற பிறகு இருவரும் சேர்ந்து டெஸ்ட் எடுத்தால் போதும்.

கேள்வி: டெங்கு வந்து ஒன்றரை மாதம் கழித்து எடுத்த டெஸ்டில் கவுன்ட் 9 மில்லியன். டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டால் ஏறும் என்கிறார் ஜிம் மாஸ்டர். போடலாமா?
- வாசகர், மதுரை

பதில்: கூடவே கூடாது! வெளியிலிருந்து ஹார்மோன் வந்ததும், விரைகளுக்குக் கட்டளை அனுப்புவதைப் பிட்யூட்டரி சுரப்பி குறைத்துவிடும். கவுன்ட் பூஜ்யத்துக்கே இறங்கலாம். 1990-இல் வெளியான உலக சுகாதார நிறுவன ஆய்வில் இதே ஹார்மோன் ஊசியை ஆண்களுக்கான கருத்தடை மருந்தாகத்தான் சோதித்தார்கள்.

ஒரு மில்லி விந்தில் 16 மில்லியன் என்பது 2021-இல் அந்த நிறுவனம் தந்த கீழ் எல்லை. அதற்குக் குறைந்தால் குழந்தையே பிறக்காது என்று அர்த்தமில்லை. ஓர் உயிரணு உருவாக இரண்டு, இரண்டரை மாதம் பிடிக்கும். ஆகவே காய்ச்சலின் பாதிப்பு சில வாரம் தள்ளித்தான் ரிப்போர்ட்டில் தெரியும். காய்ச்சல் விட்டு மூன்று மாதம் ஆனபின் திரும்ப எடுங்கள். அதற்கு முன் இரண்டிலிருந்து ஏழு நாள்வரை விந்து வெளியேறாமல் இருக்க வேண்டும். சாதாரண ஆணுறையில் சேகரிக்க வேண்டாம். முதலில் வரும் பகுதியில்தான் உயிரணு அதிகம். அது சிந்திவிட்டால் கூச்சப்படாமல் லேபில் சொல்லிவிடுங்கள். வீட்டிலிருந்து கொண்டுபோனால் டப்பாவைச் சட்டைக்குள் உடம்போடு வைத்து ஒரு மணி நேரத்துக்குள் சேருங்கள். வெயிலில் கொதிக்கும் பைக் சீட்டுக்கடியில் வைத்துவிட்டு ரிப்போர்ட்டைத் திட்டக் கூடாது. அப்போதும் குறைவாக இருந்தால் யூராலஜிஸ்டைப் பாருங்கள். விரைக்கு மேல் ரத்த நாளம் புடைத்திருக்கும் வெரிகோசிலை நிற்க வைத்துக் கையால் தொட்டே கண்டுபிடித்துவிடுவார்.

கேள்வி: முருங்கைக்காய்?
- வாசகர், தஞ்சாவூர்

பதில்: 'முந்தானை முடிச்சு' படம் வந்த 1983-லிருந்து இந்தக் கேள்வி ஓயவில்லை. சாம்பாரில் போட்டுச் சாப்பிடுங்கள், ருசிக்காக. கவுன்டுக்கு என்றால் முதலில் சிகரெட்டை விடுங்கள்.