பத்துக் காசு இடைவெளி

மலாயாத் தோட்டங்களில் நம் பாட்டிமாரும் பால்மரம் சீவினார்கள். சம்பளம் மட்டும் ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று. 1930 வாக்கில் முக்கிய வட்டாரங்களுக்கு இந்தியக் குடியேற்றக் குழு வகுத்த நாள் சம்பளம் ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. பொருளாதார மந்தத்தில் ரப்பர் விலை விழுந்ததும் 40, 32 என்று குறைத்தார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டிலும் பெண்ணுக்கு ஐந்தில் நான்கு பங்குதான். குழு பார்த்தது வாழ்க்கைச் செலவை, சீவிய மரங்களை அல்ல. பெண்ணுக்குச் செலவு குறைவாம்! விடியுமுன் சமைத்து, பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டுப் பெரட்டுக்கு ஓடியவளின் உழைப்பு எந்தக் கணக்கில் ஏறியதோ?

1941இல் கிள்ளான் தோட்டங்களில் வேலைநிறுத்தம் வெடித்தது. சீனத் தொழிலாளருக்கு இணையான சம்பளம் கேட்டார்கள். துரைக்கு முன்னால் சைக்கிளிலிருந்து இறங்க மாட்டோம் என்றார்கள். பெண்களிடம் முறைகேடாக நடப்பதை நிறுத்தச் சொன்னார்கள். முன்னின்ற ஆர்.எச். நாதன் நாடு கடத்தப்பட்டார்; துப்பாக்கிச் சூட்டில் உயிர்களும் போயின. மதிக்க வேண்டிய போராட்டம். ஆனால், ஆணுக்கு நிகரான சம்பளம் பெண்ணுக்கு வேண்டும் என்பது அந்தக் கோரிக்கைகளில் இல்லை. சீனரோடு இருந்த இடைவெளி தெரிந்தது. சொந்த லயத்துக்குள் இருந்த பத்துக் காசு தெரியவில்லை.

சம ஊதியம் பற்றிய அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பின் 100ஆம் ஒப்பந்தத்தை மலேசியா 1997இல் ஏற்றது. தீபகற்பத்தில் வேலையிடப் பாகுபாட்டைத் தொழிலாளர் இலாகாவிடம் புகார் செய்ய 2023 முதல் சட்டத்தில் வழி உண்டு. வேலைக்குப் போகும் தோழியரே, சம்பளச் சீட்டுகளைப் பத்திரமாக வைத்திருங்கள்.